உனக்கு வாயு கிடையாது

அக்டோபர் 3, வியாழன்

இந்த நோட்டை எழுதச் சொன்னது டாக்டர் அர்ஷியா. காலையில் எழுந்ததும் கைவிரல்கள் எவ்வளவு நேரம் விறைத்துக் கிடக்கின்றன என்று தினமும் குறித்து வைக்க வேண்டுமாம். பேனாவைப் பிடிக்க முடியாத கையைப் பற்றி அதே கையால் எழுதச் சொல்கிற புத்திசாலித்தனத்துக்குத் தனியாக ஃபீஸ் கொடுக்கலாம்.

சரி, எழுதுகிறேன். விறைப்பு: இருக்கிறது. போதுமா?

முடக்குவாதம் எனக்குப் புதிதல்ல. பதினோரு வருஷமாகக் கூடவே இருக்கிறது. பழைய டாக்டர் பிராக்டிஸை நிறுத்திவிட்டதால் இந்த வேலூர்ப் பெண்ணிடம் வந்து மாட்டிக்கொண்டேன். "கோயில் பாடகர் குழுவை நான்தான் நடத்துதேன். நவம்பர் கடைசியில பிரதிஷ்டைப் பண்டிகை, கோயில் கட்டி நூறு வருஷம். அதுக்குள்ள கையத் தூக்க வச்சிருங்க" என்றேன். "எந்த சாமி கோயில்மா?" என்று கேட்டாள். பாளையங்கோட்டையில் நாங்கள் சர்ச்சைக் கோயில் என்போம், பாதிரியாரை ஐயர் என்போம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். முப்பது வருஷம் பூகோள டீச்சராக இருந்தவளுக்கு இது என்ன கஷ்டம்.

அவள் பதிலுக்கு எனக்குப் பாடம் எடுத்தாள். கையிலும் காலிலும் பட்டை சுற்றி ஒரு மெஷினில் மாட்டினாள். காகிதம் வந்தது. "உங்களுக்கு வயசு அம்பத்தெட்டும்மா. உங்க ரத்தக்குழாய்க்கு எழுபதுக்கு மேல" என்றாள்.

"அப்போ எனக்கு அக்கா முறை" என்றேன். சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு ஏறுவதில்லை.

"மூட்டுல இருக்கிற வீக்கம் மூட்டோட நிக்காதும்மா. உள்ள ரத்தக்குழாயையும் புண்ணாக்கும். ரப்பர் டியூப் மாதிரி நெளிஞ்சு குடுக்க வேண்டியது, உங்களுக்கு விறைச்சுப் போயிருக்கு. அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள இதயம் படாதபாடு படுது. முடக்குவாதம் இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு மத்தவங்களைவிட அதிகமா வரும். வாரா வாரம் மாத்திரையை விடாதீங்க. வலி மாத்திரையை நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க."

விறைப்பானவள் என்ற பட்டம் கல்யாணமான வருஷமே மாமியார் வீட்டில் கொடுத்தது. இப்போது மெஷினும் கொடுத்திருக்கிறது.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள். மானம் போய்விட்டது. கரண்டு ஆபீசில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். பொன்னையா என்று பெயர். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் இவர் வைத்திருக்கும் பெயர் வாயு. தலைவலியா, வாயு. முதுகுப் பிடிப்பா, வாயு. மகள் பிரசவ வலியில் துடித்தபோதும் முதலில் வாயு என்றுதான் சொன்னார். சட்டைப் பையில் ஓமத்திரம் என்று நாங்கள் சொல்லும் ஓமத் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். அந்த மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "டாக்டர், இவளுக்கு நெஞ்சு வலிச்சா அது வாயுவா, மத்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார்.

அவள் அவரைப் பார்த்து மட்டும் சிரித்தாள். "கண்டுபிடிக்கவே வேணாம் அங்கிள். இவங்களுக்கு வாயுன்னு ஒண்ணு கிடையாதுன்னு வச்சுக்கோங்க. நெஞ்சு, தோள், தாடை, எங்க புதுசா வலிச்சாலும் நேரா கூட்டிட்டு வந்துடுங்க."

ஆட்டோவில் வரும்போது இவர் அதை வேத வசனம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "வாயு கெடையாது. வாயு கெடையாது." டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் முடக்கத்தான் கீரையோடு மூன்று பெண்கள் நிற்கிறார்கள். தோசை மாவில் அரைத்துக் கலக்க வேண்டுமாம். பதினோரு வருஷமாக இவர்கள் கொடுத்த கீரையைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மாட்டுப்பண்ணை நடத்தியிருக்கலாம்.

பண்டிகைக்கு ஐயர் சொந்தமாக ஒரு நூற்றாண்டு கீதம் எழுதியிருக்கிறார். "ஆண்டு நூறு" என்று ஆரம்பித்து "ஆசீர்வாத ஆறு" என்று முடிகிறது. நடுவில் "பேறு", "வேறு", "சாறு" எல்லாம் வருகின்றன. சோறு ஒன்றுதான் பாக்கி. இதை நான்கு குரலில் பிரித்துப் பாடவைக்க வேண்டியது என் தலையெழுத்து.

வாராந்திர மாத்திரை போடவில்லை. போட்டால் மறுநாள் முழுக்கக் குமட்டுகிறது. குமட்டலோடு இந்தப் பாட்டையும் தாங்க முடியாது. பண்டிகை முடியட்டும்.

அக்டோபர் 14

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கொழுப்பு சரியான அளவில்தான் இருக்கிறது. அந்த டாக்டர் பெண்ணுக்கு அப்படியே போன் செய்து வாசித்துக் காட்டினேன். "முடக்குவாதம் உள்ளவங்களுக்குக் கொழுப்பு குறைவாத்தான் காட்டும், அதை நம்பி இருந்துடாதீங்க, நான் எழுதின மாத்திரையைப் போடுங்க" என்கிறாள். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இதற்கு எதற்கு ஊசி குத்தி இரத்தம் எடுத்தாளோ.

"கொழுப்புக்கு மாத்திரை குடுத்திருக்காவல்லா, வாய்க்கொழுப்புக்கும் சேத்துக் கேக்குமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று அடுக்களையிலிருந்து இவர் குரல் வந்தது. காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பாடகர் குழு ஒத்திகை நடக்கிற மாடத்துக்குப் போகும் படிகளை யாரோ உயர்த்திவிட்டார்கள். சிமெண்ட் பூசுகிறேன் என்று ஒரு சாண் ஏற்றியிருப்பான். பாதியில் நின்று நின்று ஏற வேண்டியிருக்கிறது. கோயிலைப் பெருக்கிப் பூட்டுகிற தேவசகாயத்தைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "படியில ஒருத்தரும் கைய வைக்கலியே டீச்சர். நூறு வருஷமா இதே படிதான்" என்று தலையைச் சொறிகிறான். எல்லாரும் ஒன்றுபோலப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

டெனர் பாடுகிற ஆண்கள் நான்கு பேரும் "நூறு" என்ற சொல்லின் நடுவில் மூச்சு விடுகிறார்கள். நூ, அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் று. "எட்டு எண்ணிக்கை வரைக்கும் ஒரே மூச்சுல இழுக்கணும், இங்க பாருங்க" என்று நானே பாடிக் காட்டினேன். ஐந்தில் அறுந்துவிட்டது. மாடத்தில் காற்றே இல்லை. மின்விசிறி இருந்து என்ன, சுற்றுகிறதே தவிரக் காற்று வருவதில்லை.

பியூலா தண்ணீர் கொண்டுவந்தாள். மேல்குரலான சோப்ரானோ பாடுகிற பெண், பேங்கில் வேலை பார்க்கிறாள், சுருதி சுத்தம். "டீச்சர், நீங்க உக்காந்துக்கிட்டுச் சொல்லுங்க. நான் நின்னு கையக் காட்டுதேன்" என்றாள். ஓகோ, அப்படியா சங்கதி. இருபத்திரண்டு வருஷமாக நான் நிற்கிற இடத்துக்கு இவளுக்குக் கண். பதவி ஆசை கோயில் கமிட்டி ஆட்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 2

இடது தோளிலிருந்து முழங்கை வரை வலி. வாதம்தான். பதினோரு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றுகிற வலி இன்றைக்குத் தோளுக்கு வந்திருக்கிறது, நாளைக்குக் கணுக்காலுக்குப் போகும். மெடிக்கலில் வழக்கமான வலி மாத்திரை ஓர் அட்டை வாங்கிக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை.

உட்கார்ந்தால் வலி போய்விடுகிறது. படி ஏறினால் வருகிறது. தோளால் படி ஏறுகிறவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

நவம்பர் 10

விறைப்பு: எழுத நேரமில்லை.

நவம்பர் 15, வெள்ளி

இன்றைக்கு டாக்டரிடம் போயிருக்க வேண்டிய நாள். கூடுதல் ஒத்திகை வைத்திருந்தேன். இவரிடம் டாக்டர் லீவு என்று சொன்னேன்.

"லீவா? காலைல அந்த வழியாத்தான் வந்தேன், கிளினிக்குல கூட்டமா நிக்காவளே."

"டாக்டர் லீவுன்னு தெரியாம நிக்காவ."

இவர் ஓமத்திரம் பாட்டிலைத் திறந்து ஒரு மூடி குடித்தார். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் என்ன இருக்கிறது, கோணல் விரல்கள்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் 19

கீழ்த்தாடை வலிக்கிறது. கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோக்காரிகளைத் திட்டித் திட்டியே தாடை தேய்ந்துவிட்டது. பண்டிகை முடிந்ததும் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 23, சனி

கடைசி ஒத்திகை. பாட்டு தேறிவிட்டது. ஐயரின் "ஆறு" கூட ஓடுகிறது. டெனர் நான்கு பேரும் மூச்சை அடக்கப் பழகிவிட்டார்கள். இந்தக் குழுவை வைத்து இப்படிப் பாடவைக்க இந்த ஊரில் வேறு ஆள் இல்லை, இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, சும்மா உள்ளதைச் சொல்கிறேன்.

நாளைக்கு மேலே மாடத்தில் இல்லை, கீழே பீடத்துக்கு முன்னால் நின்று பாட வேண்டும். சபை மொத்தமும், வெளியூரிலிருந்து வருகிறவர்களும் பார்ப்பார்கள். மாம்பழக் கலர் பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன். வலி மாத்திரையும் கைப்பையில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். நோட்டை இவர்தான் கொண்டுவந்து தந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு நோட்டை மட்டும் கொண்டுவந்தவர், மறுபடி பஸ் ஏறிப்போய்க் கண்ணாடி எடுத்துவந்தார்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். ஊரார் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதற்கு முன்னால் என் கையால் இருக்கட்டும்.

ஞாயிறு மாலை ஆராதனை தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, கோயிலுக்குப் பின்னால் அங்கி மாட்டுகிற அறையில் நின்றிருந்தேன். தாடையில் ஆரம்பித்து நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கை எனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. வியர்வை சேலையை நனைத்துவிட்டது. இவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"அந்த ஓமத்திரத்த இங்க தாங்க" என்றேன்.

முப்பத்து நான்கு வருஷத்தில் நானாக அதைக் கேட்டது அன்றுதான். எத்தனை தடவை அந்தப் பாட்டிலை வைத்து அவரைக் கேலி செய்திருப்பேன். கேட்டதும் சந்தோஷமாக எடுத்து நீட்டுவார் என்று நினைத்தேன். அவர் பாட்டிலைச் சட்டைப் பையோடு சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்னட்டி செய்து?"

"வாயுதான். மத்தியானம் மொச்சக்கொட்ட தின்னது."

"உனக்கு வாயு கெடையாது."

"கோட்டித்தனமாப் பேசாதிய. தாங்க."

"உனக்கு வாயு கெடையாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. ஆட்டோ புடிக்கேன், வா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் வாயு உண்டு, எனக்கு மட்டும் இல்லையா? "நூறு வருஷத்துக்கு ஒருக்க வார பண்டிக. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில நான் எந்திரிச்சுப் போவேன்னு நெனச்சியளா? செத்தாலும் பாடவச்சிட்டுத்தான் சாவேன்" என்று சொல்லிவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டேன். அவர் வெளியே போனார். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பீடத்துக்கு முன்னால் வந்து நின்றேன். சபை நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் வெளியூர்ப் பெரிய மனிதர்கள். ஐயர் ஆரம்ப ஜெபம் முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வலது கையைத் தூக்கினேன். இடது கை வரவில்லை. பியூலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு "டீச்சர்" என்று அசைந்தது, சத்தம் வரவில்லை.

அந்த நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்தது. மின்விசிறி நின்றது. மைக் செத்தது. "கரண்டு போயிட்டு" என்று நூறு குரல். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் ஒரு பல்புகூட எரியவில்லை.

இருட்டில் ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது. விரலைப் பிடிக்கவில்லை. என் விரலைப் பிடித்தால் உயிர் போகும் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

"வாட்டி" என்றார் காதோரமாக. "இப்போ ஒருத்தரும் பாக்க மாட்டாவ."

நான் போனேன். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக, அவர் தோளில் சாய்ந்துகொண்டு போனேன். எனக்குப் பயமாக இருந்தது. வலியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அங்கிருந்து யாராவது கூட்டிக்கொண்டு போகமாட்டார்களா என்று அந்த அறையில் நின்றபோதே நினைத்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வருகிற வாய்.

இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று முழுசாக அடைத்திருந்ததாம். உடனே கம்பி வலை வைத்துத் திறந்தார்கள். ஆராதனை முடிந்து வந்திருந்தால் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போயிருப்பேன் என்பதை டியூட்டி டாக்டர் நாசூக்காகச் சொன்னார்.

டாக்டர் அர்ஷியா நேற்று வந்தார். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொன்னால் பதிலடி கொடுக்கத் தயாராக இருந்தேன். சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை எத்தனை நாள் போட்டேன் என்று கேட்டார். வாராந்திர மாத்திரையை நிறுத்தினால் உள்ளே வீக்கம் எப்படி ஏறும் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை கடைசிவரை கேட்டேன். குமட்டலுக்கு வேறு வழி இருக்கிறதாம். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பாராம்.

டிசம்பர் 8, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. பார்க்க வருகிறவர்கள் கூட்டம். முடக்கத்தான் கீரையோடு இப்போது பூண்டும் வருகிறது.

ஐயர் வந்தார். அன்றைக்கு ஆராதனை முழுவதும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் நடந்ததாம். அப்படி ஒரு ஆவிக்குரிய அனுபவத்தை அவர் ஊழியத்திலேயே கண்டதில்லையாம். இனிமேல் வருஷாவருஷம் விளக்கை அணைத்துப் பாடலாமா என்று கமிட்டி யோசிக்கிறதாம். கமிட்டி யோசித்தது என்பதே பெரிய அதிசயம்தான்.

"கரண்டுக்கு என்ன ஆச்சுன்னுதான் பிடிபடல" என்றார். "ஃபியூஸ் மூணையும் காணோம். யாரு செஞ்ச வேலையோ."

ஃபியூஸ் மூன்றும் ஐயர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில், செய்தித்தாளுக்கு அடியில் இருந்தன. அன்றைக்கு அவற்றைக் கழற்றி ஓமத்திரம் பாட்டிலோடு பையில் போட்ட என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் அப்படியே கொண்டுவந்துவிட்டார். அந்தக் கோயிலுக்கு வயரிங் செய்ததே இவர்தான், எதைப் பிடுங்கினால் ஜெனரேட்டரும் சேர்ந்து சாகும் என்று இவருக்குத் தெரியாதா. இப்போது தலைக்கு மேலே ஓட்டில் ஏதோ புதுமை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐயருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பியூலா சாயங்காலம் வந்தாள். இருட்டில் தாளைப் பார்க்க முடியாமல் மனப்பாடமாகவே எல்லாரும் பாடினார்களாம். "நூறு" எப்படி வந்தது என்று கேட்டேன். "ஒரே மூச்சு டீச்சர்" என்றாள். பிறகு அழுதாள். எதற்கு அழுகிறாள், பைத்தியக்காரி. ஜனவரியிலிருந்து அவள் நின்று நடத்தட்டும், நான் உட்கார்ந்து குறை சொல்கிறேன் என்று சொன்னேன். குறை சொல்ல ஒரு கையும் தேவையில்லை.

விறைப்பு: காலையில் முக்கால் மணி நேரம். டாக்டருக்காக எழுதியது.

டிசம்பர் 21, சனி

இவருக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இ.சி.ஜி. எடுத்து, இரத்தம் எடுத்து, எல்லாம் பார்த்துவிட்டு டியூட்டி டாக்டர், "அங்கிளுக்கு வாயுதான்" என்றார். அதைக் கேட்டு இவர் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பு இருக்கிறதே, பார்க்கச் சகிக்கவில்லை.

நடந்தது இதுதான். சாயங்காலம் டி.வி.யில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் நடுவில் நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஒரு தடவை, ரெண்டு தடவை.

"என்ன செய்து?" என்றேன்.

"வாயு."

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஏட்டி, எனக்கு வாயு உண்டுட்டி. உனக்குத்தான் கெடையாது. ஆட்டம் முடியட்டு, சும்மா இரி."

இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் யாரைத் திட்டிக்கொண்டு இந்த வீட்டில் இருப்பேன்? ஆனால் அதையெல்லாம் கபடி பார்க்கிற ஆளிடம் சொல்ல முடியுமா. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். ஃபியூஸ் பிடுங்க என் விரலுக்கு வராது. மெயின் சுவிட்சை முழங்கையால் கீழே தள்ளினேன். வீடு இருண்டது.

"கரண்டு போயிட்டு" என்றார் உள்ளேயிருந்து.

"போகல. நாந்தான் அணைச்சேன்" என்றேன். "வாங்க. இப்போ ஒருத்தரும் பாக்க மாட்டாவ."